பாம்பு தீண்டிச் சாகாத ஊர்

போன மாதம் இளம் நிருபர்களான உங்களில் ஒருவர் என்னைப் போனில் கூப்பிட்டார். பெயர் வேண்டாம், நல்ல பையன். "சார், சண்டே பக்கத்துக்கு சங்கரன்கோவில் பத்தி நாலு ஃபேக்டாய்டு வேணும், சட்டுனு சொல்லுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. காலங்காத்தால கூப்பிட்டு நாலு பொய் கொடுங்கள் என்கிறானே என்றுதான் தோன்றியது. அவர் கேட்டது சுவையான சின்னத் தகவல்கள் என்பது பிறகுதான் புரிந்தது. தப்பு அவர் மேல் இல்லை. ரேடியோக்காரர்களும் டிவிக்காரர்களும் பிற்காலத்தில் அந்தச் சொல்லை அப்படிப் புழங்கிப் புழங்கி, இப்போது அகராதியிலேயே இரண்டு பொருளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அது பிறந்தபோது அதற்கு ஒரே பொருள்தான். அதை உங்கள் எல்லாருக்கும் ஒருமுறை சொல்லிவிட்டால் என் மனசு ஆறும் என்று எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளில் ஓர் அமெரிக்க எழுத்தாளர், இறந்துபோன சினிமா நடிகை ஒருவரைப் பற்றிப் புத்தகம் எழுதும்போது உண்டாக்கிய சொல் அது. ஃபேக்ட் உங்களுக்குத் தெரியும். அதன் வாலில் ஒட்டியிருக்கும் 'ஆய்டு' கிரேக்கத்திலிருந்து வந்தது. உருவம், சாயல் என்று அர்த்தம். ஆளைப் போலவே இருக்கும், ஆனால் ஆள் இல்லை என்றால் ஆண்ட்ராய்டு. உண்மையைப் போலவே இருக்கும், ஆனால் உண்மை இல்லை என்றால் ஃபேக்டாய்டு. பத்திரிகையில் அச்சாவதற்கு முன் உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு சங்கதி, அச்சான பிறகு எல்லாருக்கும் தெரிந்த உண்மையாகிவிடுகிறது பாருங்கள், அதற்குத்தான் அவர் அந்தப் பெயரை வைத்தார். வதந்தி என்பது வேறு. அதை ஊர் பெற்றெடுக்கிறது. இதைப் பத்திரிகைக்காரர்கள் நாம்தான் பெற்றெடுக்கிறோம், நாமேதான் வளர்க்கிறோம்.

இதெல்லாம் நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பேப்பர் ஏஜென்சிக் கடை இருந்தது. அந்தக் கடை வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றதிலிருந்துதான் இந்தப் பாடம் ஆரம்பமானது.

அப்போதெல்லாம் சின்ன ஊர்களில் ஏஜென்ட்தான் நிருபர். காலையில் பேப்பர் போடுவோம், சாயங்காலம் செய்தி எழுதுவோம். ஊரில் நாலு பத்திரிகைக்கு நாலு பேர் இருந்தோம். போட்டி என்று வெளியில் பேர், உள்ளே ஒரே கூட்டு. பஸ் ஸ்டாண்டு எதிரில் டீக்கடையில் உட்கார்ந்து ஒருத்தர் எழுதுவார். அடியில் மூன்று கார்பன் இருக்கும். ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துக் கவரில் போட்டு, அவரவர் ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். கடைசிப் பிரதி யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு அதில் இருக்கும் எழுத்தே சரியாகத் தெரியாது. பாதியை அவரே ஊகித்துக்கொள்வார். இறந்தவரின் வயது மட்டும் நாலாவது பேப்பரில் எப்போதும் வேறாக இருப்பதற்கு இதுதான் காரணம். மறுநாள் நாலு பேப்பரிலும் ஒரே செய்தி வரும். படிக்கிறவர்கள், நாலு பேர் தனித்தனியாக விசாரித்து எழுதியது என்று நினைப்பார்கள்.

எங்கள் கோவில் திருவிழாவான ஆடித்தபசு வந்தால் இன்னும் சுலபம். திருவிழாச் சிறப்புப் பக்கம் ஒன்று போடுவார்கள். அதற்குப் போன வருசக் கட்டிங்கை எடுத்துத் தேதியை மாற்றி, புதிதாக வந்த அதிகாரியின் பெயரைச் செருகினால் தீர்ந்தது. நானும் அப்படித்தான் செய்தேன், மற்ற மூவரும் அப்படித்தான். அந்தப் பக்கத்தில் கோபுரப் படத்துக்குக் கீழே வருசா வருசம் ஒரு வரி வரும். 'இத்தல எல்லைக்குள் அரவம் தீண்டி மாண்டவர் எவருமிலர்.' புற்றுமண் பிரசாதமாகக் கொடுக்கும் கோவில், நாக உருவம் வாங்கிப் போடுகிற ஜனம். கேட்கவும் நன்றாக இருந்தது. ஒருத்தரும் அந்த வரியில் கை வைத்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருசம், தபசுக்குக் கொடியேற சில நாள் இருக்கும்போது, நான் சொன்ன அந்தப் பெண்பிள்ளை வந்தார். முப்பிடாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் பவர்லூம் தறி ஓட்டியவர். முந்தின வருசத்துக்கு முந்தின மழைக்காலத்தில், தறிக்கூடத்துக்குப் பின்னால் கால் கழுவப் போன இடத்தில் விரியன் கடித்துவிட்டது. சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிழைக்கவில்லை. முப்பிடாதி தறிக்கு நூல் சுற்றி ஒற்றை மகளை வளர்த்தார். மகள் பெயர் கோமதி.

கோமதிக்கு ராயகிரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் டிராக்டர் ஓட்டுகிறான், சொந்தமாகக் கொஞ்சம் நிலம், எல்லாம் பொருந்திவிட்டது. பையனின் பெரியப்பா ஒருவர் இருந்தார். டீக்கடையில் தினம் பேப்பரைச் சத்தம் போட்டு வாசிக்கிறவர். அவர்தான் கேட்டாராம், அந்த ஊர் எல்லையில் பாம்பு கடித்து யாருமே செத்ததில்லையாமே, அப்புறம் இந்தப் பிள்ளையின் அப்பா மட்டும் எப்படிச் செத்தார் என்று. பருத்திச் சீமை அது. எல்லா வீட்டிலும் பூச்சிமருந்து டப்பா இருக்கும். அந்தாள் மருந்தைக் குடித்துச் செத்திருப்பார், கடனோ வம்போ, குடும்பம் பாம்பு மேல் பழி போட்டு மறைக்கிறது என்று பேச்சு ஆகிவிட்டது. தபசு கழியட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்படிச் சொல்லி அனுப்பினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

முப்பிடாதி அழவில்லை. கோபமாகவும் பேசவில்லை. கடையில் தொங்கிய பேப்பரைக் கையால் தொட்டுக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, இந்த ஊர்ல பாம்பு கடிச்சு ஒருத்தரும் சாகலைன்னு வருசா வருசம் போடுதீக. அப்ப நான் யாருக்குத் தாலி அறுத்தேன்?"

சமாளிப்பதற்காக, அது ஐதீகம்மா, கோவில்காரர்கள் சொல்வதைத்தான் நாங்கள் போடுகிறோம் என்றேன். அப்படியானால் கோவிலில் கேட்டு மாத்திப் போடுங்கள், இந்த வருசமும் அதே வரி வந்தால் என் மகள் கதை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு நேரமும் எனக்குள் ஒரு எரிச்சல்தான் இருந்தது, உண்மையைச் சொன்னால். இந்த அம்மாளின் பிரச்சினைக்கு நான் என்ன செய்வேன் என்கிற எரிச்சல். அவர் போன பிறகுதான் அது வெட்கமாக மாறியது.

மறுநாள் காலையில் கோவிலுக்குப் போய் எனக்குப் பழக்கமான பட்டரைப் பிடித்தேன். இந்த வரி எந்தப் புராணத்தில் இருக்கிறது, எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நான் அதை உங்க பேப்பர்லதான் படிச்சேன். நீங்க எங்கயோ கல்வெட்டுல பாத்துட்டுப் போடுதீங்கன்னுல்லா நெனச்சேன்" என்றார். அம்பாள் விஷ பயம் போக்குவாள் என்பது எங்கள் நம்பிக்கை, ஆனால் பாம்பு கடித்து வருகிறவனிடம் மண்ணைப் பூசிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றுதான் நான் சொல்லுவேன், எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றார்.

கோவில் பேப்பரைப் பார்த்து நம்பியிருக்கிறது. பேப்பர் கோவிலைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. சாயங்காலம் டீக்கடையில் மற்ற மூவரையும் கேட்டேன். முதலாமவர் இரண்டாமவரைக் கை காட்டினார். இரண்டாமவர் மூன்றாமவரை. மூன்றாமவர் என்னையே காட்டி, "உம்ம கட்டிங்கைப் பாத்துத்தாம்வே நான் எழுதுனேன்" என்றார். நாலு பேப்பரிலும் வந்திருக்கிறது, இதற்கு மேல் என்ன சந்தேகம் என்று வேறு கேட்டார். அந்த நாலும் ஒரே கார்பனில் வந்தது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. எனக்கும் அதுவரை மறந்துதானே இருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். முப்பிடாதியின் தெருவில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அந்த மனுசன் விரியன் கடித்துத்தான் செத்தார் என்று தெருவே அடித்துச் சொல்லிற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடியவரே அங்கே இருந்தார். அதே ஆட்களிடம் பேப்பர் வரியைக் கேட்டால், ஆமாம், இந்த ஊர் எல்லையில் பாம்பு கடித்து யாரும் சாகமாட்டார்கள் என்று அதையும் சொன்னார்கள். ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று யாருக்கும் படவில்லை. கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், படித்தது ஒரு பக்கம், இரண்டுக்கும் மனசில் இடம் இருந்தது.

அடுத்த பஸ்ஸில் எங்கள் பேப்பரின் திருநெல்வேலி ஆபீசுக்குப் போனேன். அங்கே நியூஸ் எடிட்டர் ஒருவர் இருந்தார். எங்களை மாதிரி ஏஜென்ட் நிருபர்களைப் பிழிந்து எடுப்பார், தப்பு வந்தால் டிரங்க் கால் போட்டுத் திட்டுவார். ஆனாலும் அவர் சொன்னால் கேட்கலாம் என்று இருந்தது. மத்தியான நேரம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். நான் முழுக்கதையையும் சொன்னேன். ராயகிரிச் சம்பந்தம் பற்றிய பேச்சு வந்ததும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று யாருக்குமே தெரியவில்லை சார் என்றேன். "எனக்குத் தெரியும்வே. அதை எழுதுனவன் நான்தான்" என்றார்.

அவர் சப்-எடிட்டராக இருந்த காலம். தபசுப் பக்கத்துக்குக் கோபுரப் படத்தின் அச்சுக்கட்டை, பிளாக் என்போம், வந்திருக்கிறது, சொன்ன அளவைவிடச் சின்னதாக. ஈய எழுத்தை அடுக்கிப் பூட்டுகிற பாரத்தில் படத்துக்குக் கீழே இரண்டு வரி இடம் காலி. மிஷினை ஓட்டணும் என்று ஃபோர்மேன் நின்று கத்துகிறார். இவர் கம்போசிங் ஆள் பக்கத்தில் நின்றுகொண்டே வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். இவர் தூத்துக்குடிக்காரர். அதுவரை சங்கரன்கோவிலுக்கே வந்ததில்லை. கோவில், புற்று, பாம்பு என்றால் இப்படி ஏதாவது இருக்கும் என்று ஒரு நினைப்பு. மறு வருசம் எங்கள் ஊரிலிருந்து வந்த செய்தியிலேயே அந்த வரி இருக்கக் கண்டு, பரவாயில்லை, நாம் குருட்டாம்போக்கில் சொன்னது உண்மைதான் போல என்று சந்தோசப்பட்டாராம்.

ஏதோ ஓர் ஆங்கில வாரப் பத்திரிகையில் படித்தேன் என்று அவர்தான் ஃபேக்டாய்டு என்ற அந்தச் சொல்லை எனக்குச் சொன்னார். அர்த்தத்தையும் பிறப்பையும் நான் மேலே எழுதியிருப்பது அவர் சொன்னபடிதான். எங்கோ அமெரிக்காக்காரனுக்கு வேண்டியது என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன், இங்கே பார்த்தால் நானே அப்பன் என்றார். சிரிப்பதற்கு முயற்சி செய்தார், வரவில்லை.

எனக்கு அப்போது இளரத்தம். நான் எழுதுகிறேன் சார், அந்தம்மா பெயர், தறிக்கூடம், தெரு, ஆஸ்பத்திரி எல்லாம் போட்டு அரைப் பக்கம் எழுதுகிறேன், 'நாங்கள் சொன்னது பொய்' என்றே தலைப்பு வைக்கலாம் என்றேன். அவர் டப்பாவை மூடினார்.

"போட்டா என்னவே ஆகும்? அவ புருசன் மருந்தைக் குடிச்சானா, பாம்பு கடிச்சுச் செத்தானான்னு இன்னைக்கு ராயகிரியில ஒரு வீடு பேசுது. நாளைக்கு ஜில்லா பூராப் பேசும். அந்தப் பிள்ளைக்கு அதுக்குப் பொறவு யாரு வருவா?"

நான் மனசுக்குள் அந்தம்மாவை மறந்துவிட்டு என் அரைப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சரி, சின்னதாக ஒரு மறுப்பு போடுவோமா என்றேன். மறுப்பு போட்டால் அந்த வரியை இன்னொரு தடவை அச்சடிக்க வேண்டும், படிக்கிறவன் பாதியை மட்டும் ஞாபகம் வைப்பான் என்றார். அப்படியானால் இந்த வருசம் வரியை எடுத்துவிடுவோம் என்றேன். இல்லாமல் போனதை எவன் கவனிப்பான், ராயகிரிப் பெரியப்பா கவனிப்பாரா என்று திருப்பிக் கேட்டார். கடைசியில் அவரே வழி சொன்னார். பொய் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்ததோ அதே இடத்தில், அதே அளவில், அதே திருவிழா நடையில் உண்மையை உட்கார வைக்க வேண்டும். அதுவும் யாரைப் போய்க் கேட்டாலும் நிற்கிற உண்மையாக இருக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பி ஆஸ்பத்திரி டாக்டரைப் பார்த்தேன். பாம்புக்கடியில் வருகிறவர்கள் நிறைய, பிழைக்கிறவர்களும் நிறைய, தாமதித்து வருகிறவர்கள் சாகத்தான் செய்கிறார்கள், இதே ஊர்க்காரர்களும் உண்டு என்றார். யார் பெயரையும் தரமாட்டேன், ஆனால் இதை நான் சொன்னதாகப் போடலாம் என்றார். பட்டரும் தன் பங்கைச் சொல்லச் சம்மதித்தார். இரண்டையும் சேர்த்து எழுதினேன்: 'இந்நகரிலேயே அரவம் தீண்டிச் சிலர் மாண்டதுண்டு. ஆதலால் புற்றுமண் இட்டுக்கொள்ளும் அன்பர்கள் அரசு ஆஸ்பத்திரிக்கும் தாமதமின்றிச் செல்ல வேண்டுமென மருத்துவரும் ஆலய பட்டரும் கேட்டுக்கொள்கின்றனர்.' காலி இடத்துக்குச் சரியாக வரவில்லை, ஒரு வரி கூடுதல்தான். ஃபோர்மேனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நியூஸ் எடிட்டர் சொல்லிவிட்டார்.

அனுப்புவதற்கு முன்னால் முப்பிடாதி வீட்டுக்குப் போய் அதை வாசித்துக் காட்டினேன். உள்ளே கோமதி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டைச் சத்தம் நின்றுவிட்டது. முப்பிடாதி இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். உங்கள் வீட்டுக்காரர் பெயர் இதில் இல்லை, போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ஊர் பெயர் இருந்தால் போதும் என்றார்.

சாயங்காலம் டீக்கடையில் நானே மேல்தாளில் எழுதினேன், அடியில் மூன்று கார்பன். மற்ற மூவரும் ஆளுக்கு ஒன்றை எடுத்து மடித்துக் கவரில் போட்டுக்கொண்டு போனார்கள். பழைய வரி எங்கே போயிற்று, புதிய வரி எங்கிருந்து வந்தது, டாக்டர் நிஜமாகவே சொன்னாரா, பட்டர் சொன்னாரா, ஒருத்தரும் கேட்கவில்லை. நாலு பேப்பரிலும் வந்தது. எனக்குச் சந்தோசம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நான் எதை எழுதிக் கொடுத்திருந்தாலும் அது நாலு பேப்பரிலும் வந்திருக்கும்.

தபசு முடிந்து ராயகிரிக்காரர்கள் வந்தார்கள். பெரியப்பா சட்டைப் பையில் பேப்பரை மடித்து வைத்திருந்தாராம். நாங்கள்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று அவரே வாய்விட்டுச் சொல்லி, அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள். இந்தச் சேதி எனக்குத் தெருக்காரர் ஒருவர் மூலம் வந்தது. கடையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிக்கு டிரங்க் கால் போட்டு நியூஸ் எடிட்டரிடம் சொன்னேன். "நல்லது வே" என்று மட்டும் சொன்னார்.

சில நாள் கழித்து முப்பிடாதி கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை நீட்டினார். நன்றி சொல்வார், கும்பிடுவார், நாமும் பெருந்தன்மையாக ஏதாவது சொல்லலாம் என்று தயாராக எழுந்து நின்றேன். அவர் முகத்தில் சந்தோசம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு வேறொன்றும் இருந்தது.

"நான் வாயால சொன்னேன், நம்பல. ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுனேன், இதெல்லாம் யாரும் எழுதி வாங்கலாம்னாக. தெருவே சொல்லிச்சு, தெருக்காரன் விட்டுக்குடுப்பானான்னாக. நீங்க பேப்பர்ல போட்டீக, ஒரு வார்த்தை கேக்காம நம்பிட்டாக" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாளைக்கு எவனாவது பழசையே திரும்பப் போட்டுட்டா, எம்மவளைக் கொண்டாந்து விட்டுருவாகளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே பயந்துதான் கேட்டார். நான் இருக்கிற வரைக்கும் அந்த வரி வராதும்மா, நீங்கள் தைரியமாகக் கல்யாணத்தை நடத்துங்கள் என்றேன். அவர் என் தலையை, அதில் அந்த வயசிலேயே எட்டிப் பார்த்த நரையைப் பார்த்தார்.

"நீங்க இருக்க வரைக்கும் சரி. அதுக்குப் பொறவு?"

கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டேன், கல்யாணத்துக்குப் போனேன், ராயகிரிப் பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் பேப்பர் பொய் சொல்லாது என்றார். ஓய்வுபெறும் வரை தபசுப் பக்கத்தைக் கட்டிங் இல்லாமல் நானே புதிதாக எழுதினேன். முப்பிடாதி இப்போது இல்லை. கோமதி ராயகிரியில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். அந்தப் பக்கத்தை இப்போது நீங்கள் எழுதுகிறீர்கள்.